ஊர் ஏரிக்குக் காலநிலை நிதி கிடைக்குமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் குழுக்களுக்கு ஒரு பதில்

ஊத்தங்கரைப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது: "நாங்கள் பதினைந்து இளைஞர்கள் சேர்ந்து ஊரில் ஒரு குழு வைத்திருக்கிறோம். 2024 சித்திரையில் ஏரி வறண்டு, மாமரத்துக்கு டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். அதே வருடம் கார்த்திகை மழையில் ஏரிக்கரை உடைந்துபோனது. காலநிலை மாற்றத்துக்கு என்று சிறுமானியம் (சின்னக் குழுக்களுக்குத் தருகிற சிறு தொகை), வெளிநாட்டு நிதி எல்லாம் இருக்கிறது என்கிறார்கள். எங்களுக்குக் கிடைக்குமா அண்ணா? எங்கே கேட்பது, எவ்வளவு கேட்பது?"

கிடைக்கும் தம்பி. ஆனால் எந்த வரிசையில் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த இரண்டு மாவட்டத்திலும் சின்னச் சின்ன தொண்டு நிறுவனங்களுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது, கணக்கு முடித்துக் கொடுப்பது என்று இருபது வருடம் ஓடிவிட்டது. நான் பார்த்தவரை புதுக் குழுக்கள் பெரும்பாலும் மேலேயிருந்து தொடங்குகின்றன. ஐ.நா., ஜெர்மனி, அமெரிக்க அறக்கட்டளை என்று தேடித் தேடி விண்ணப்பம் போட்டு, இரண்டு வருடம் பதில் வராமல் சலித்து, ஆளுக்கொரு பக்கம் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதே குழு ஐம்பதாயிரம் ரூபாய் வேலையில் தொடங்கியிருந்தால் இன்று ஐம்பது லட்சம் கேட்கிற தகுதியோடு இருந்திருக்கும்.

முதலில் அந்தப் பெரிய பணம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் ஏன் அங்கே நேராகப் போக முடியாது என்பது புரியும். பசுமைக் காலநிலை நிதியம் என்று ஒன்று 2010-ல் கான்கூன் மாநாட்டில் முடிவாகி, தென்கொரியாவில் சோங்டோ நகரத்தில் தலைமையகம் வைத்து நடக்கிறது. அதற்கு ஊர்க்குழு விண்ணப்பிக்க முடியாது, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். இந்தியாவில் 2015-ல் அந்த அங்கீகாரம் வாங்கியது நபார்டு, அதாவது விவசாயத்துக்கும் ஊரக வளர்ச்சிக்குமான தேசிய வங்கி. தழுவல் நிதியம் (தழுவல் என்றால் மாறுகிற காலநிலைக்கு ஏற்ப நம்மைத் தயார்செய்துகொள்வது) என்கிற இன்னொன்றுக்கும் 2012 முதல் இந்தியாவில் நபார்டுதான் வாசல். அதன் மூலம் தமிழ்நாட்டிலும் ராஜஸ்தானிலும் பழைய நீர்வடிப்பகுதித் திட்டங்களை (மழைநீர் ஓடிச் சேரும் நிலப்பரப்பில் செய்கிற மண், நீர்ப் பாதுகாப்பு வேலைகளை) வறட்சி தாங்குகிற மாதிரி பலப்படுத்துகிற வேலை நடந்தது. இதெல்லாம் கோடிக்கணக்கில் நடக்கிற திட்டங்கள். உங்கள் ஏரிக்கு இதிலிருந்து பணம் வந்தாலும் அது நாலைந்து கை மாறித்தான் வரும், வரும்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதும் எழுதப்பட்டே வரும்.

இது நம் ஊர்க் குறை மட்டும் கிடையாது. லண்டனில் இருக்கும் ஐ.ஐ.இ.டி. என்கிற ஆய்வு நிறுவனம் கணக்குப் பார்த்தபோது, 2003 முதல் 2016 வரை காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில் உள்ளூர் அளவிலான வேலைக்கு என்று போனது பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. 2023-ல் காலமான வங்கதேச விஞ்ஞானி சலீமுல் ஹக் போன்றவர்கள் பல வருடம் இதையே எல்லா மாநாட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அழுத்தத்தில்தான் 2021 ஜனவரியில் உள்ளூர் தலைமையிலான தழுவலுக்கு எட்டுக் கொள்கைகள் என்று ஒன்றை வெளியிட்டார்கள். எட்டையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டு. ஒன்று, முடிவு எடுக்கிற உரிமை எவ்வளவு கீழே வர முடியுமோ அவ்வளவு கீழே வர வேண்டும். இன்னொன்று, பணம் அவசரப்படுத்தாமல், பல வருடத்துக்கு நம்பி இருக்கிற மாதிரி வர வேண்டும்.

இரண்டாவது ஏன் முக்கியம் என்பதை நான் ஒரு மாசி மாதத்தில் கற்றுக்கொண்டேன். ஒரு கம்பெனி பாலக்கோடு பக்கம் ஓர் ஊரில் 1,200 மரக்கன்று நட பணம் கொடுத்தது. புரட்டாசியில் பேசி முடித்த பணம் பிப்ரவரி கடைசியில் வந்தது, மார்ச் 31-க்குள் நட்டு முடித்துப் போட்டோவோடு அறிக்கை கொடுக்க வேண்டும் என்றார்கள். நட்டோம். ஏரிக்கரையின் உள்பக்கம் முழுக்கப் புங்கனும் நாவலும் வேம்பும் பச்சைக் கூண்டுக்குள் நின்றன, போட்டோவில் அழகாகத்தான் இருந்தது. பங்குனி வெயிலில் மண் வெடித்தது. தண்ணீர் ஊற்ற ஆளுக்குக் கூலி திட்டத்தில் எழுதவில்லை. ஆடியில் நான் போய் எண்ணினேன், உயிரோடு இருந்தது 83. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், "ஆடிப் பதினெட்டுக்கு மேல வந்திருந்தா நானே நட்டுக் குடுத்திருப்பேனே" என்று சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதிலிருந்து எந்தத் திட்டம் எழுதினாலும் வேலை நடக்கும் மாதங்களை ஊரில் கேட்டு முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன், அந்த மாதத்துக்குள் பணம் வராவிட்டால் வேலை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும் என்று ஒரு வரியும் சேர்க்கிறேன். அதற்காக மறுத்தவர்கள் உண்டு, ஆனால் ஒத்துக்கொண்டவர்கள்தான் அதிகம்.

சரி, வெளிநாட்டுப் பணத்துக்கு வருவோம். வெளிநாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்துகிற எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் இப்போதைய வடிவில் 2010-லிருந்து இருக்கிறது. பதிவு வேண்டுமென்றால் அமைப்பு தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும், முந்தைய மூன்று நிதியாண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்து காட்டியிருக்க வேண்டும். 2020-ல் வந்த திருத்தம் இன்னும் இறுக்கியது. பணம் டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு முதுகெலும்பை முறித்தது மூன்றாவது மாற்றம்: ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. முன்பெல்லாம் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பெரிய அமைப்பு வாங்கி, அரூரிலும் தேன்கனிக்கோட்டையிலும் இருக்கும் சின்ன அமைப்புகளுக்கு மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கொடுக்கும். சிறுமானியம் என்பதே அப்படித்தான் ஊருக்குள் வந்தது. அந்தக் கால்வாய் அடைபட்டுவிட்டது. யாராவது "எங்களுக்கு வந்த ஃபாரின் ஃபண்டில் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறோம்" என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், மாட்டுவது நீங்களும்தான்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஐ.நா. அமைப்புகள் அந்தச் சட்டத்தின் கணக்கில் வெளிநாட்டு மூலம் ஆகாது. ஜி.இ.எஃப். (உலகச் சுற்றுச்சூழல் நிதியம்) சிறுமானியத் திட்டம் என்று 1992 முதல் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் நடத்தி வருவது, வழக்கமாக ஒரு வேலைக்கு 50,000 டாலர் வரை, உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாகக் கொடுப்பதற்காகவே உண்டானது. இந்தியாவில் ஒவ்வொரு சுற்றுக்கும் சில பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத்தான் அழைப்பு விடுவார்கள், நம் பகுதி அதில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுத வேண்டும். அதற்கும் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, முன் அனுபவம் எல்லாம் கேட்பார்கள். கையெழுத்துப் போடும் முன் ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். இப்போதைக்கு இதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், மூன்று வருடம் கழித்து எடுத்துப் பார்க்கலாம்.

அடுத்து எல்லோரும் கேட்பது கம்பெனிப் பணம். ஓசூர் முழுக்க ஆலை இருக்கிறது, டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், இந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலா. கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவுப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு செய்தாக வேண்டிய நிறுவனங்கள் நம் மாவட்டத்தில் நிறைய. ஆனால் அதை வாங்குகிற அமைப்புக்கு வருமான வரியின் 12ஏ, 80ஜி பதிவு (அமைப்புக்கும் நன்கொடை தருபவருக்கும் வரிச்சலுகை தருகிற பதிவுகள்) வேண்டும், கம்பெனிகளின் சமூகப் பணிப் பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 படிவம் போட்டு எண் வாங்கியிருக்க வேண்டும், அதேபோன்ற வேலையில் மூன்று வருட அனுபவமும் இருக்க வேண்டும். ஆக நேற்று பதிவு செய்த சங்கத்துக்கு நேராக வராது. ஏற்கெனவே இந்தத் தகுதியெல்லாம் உள்ள உள்ளூர் தொண்டு நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து, அவர்கள் பெயரில் வேலை, உங்கள் ஊரில் குழுவின் மேற்பார்வை என்று முதல் வேலையைச் செய்யலாம். அப்படிச் சேரும்போது உங்கள் குழுவின் பங்கு என்ன என்று ஒரு பக்கமாவது எழுதி இருதரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், வாய்ப்பேச்சு பின்னால் கசக்கும்.

அப்படியானால் இப்போது எங்கே தொடங்குவது? என் பதில், நமக்கு நாமே திட்டம். ஊரகப் பகுதியில் வேலையின் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்பு என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை வழியாகக் கலெக்டருக்குப் போகும். அந்த மூன்றில் ஒரு பங்கை ஊரே போட வேண்டும் என்றும் இல்லை, ஒரு கம்பெனியோ வெளியூரில் இருக்கும் ஊர்க்காரரோ போடலாம். ஆக மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு நீங்கள் திரட்ட வேண்டியது ஒரு லட்சம். ஊரில் தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தத் தெரிந்த நமக்கு ஒரு லட்சம் திரட்டத் தெரியாதா? அந்த ரசீதுப் புத்தகம் நாளைக்குப் பெரிய நிதியத்துக்குக் காட்டுகிற முதல் ஆவணம். வெளிப்பணம் வருவதற்கு முன்பே ஊர் தன் கைப்பணத்தைப் போட்டது என்பதைவிடப் பலமான சாட்சி திட்ட அறிக்கையில் வேறு எதுவும் இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே, மாவட்டத்துக்கு ஒரு காலநிலை மாற்ற இயக்கம் கலெக்டர் தலைமையில் இருக்கிறது, மாவட்ட வன அலுவலர்தான் அதன் காலநிலை அலுவலர். திங்கள்கிழமை மனுநாளில் கூட்டத்தோடு நின்று கொடுப்பதைவிட வன அலுவலகத்தில் நேரம் கேட்டுப் பார்த்துப் பேசுவது நல்லது. நபார்டின் மாவட்ட வளர்ச்சி மேலாளரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், நீர்வடிப்பகுதிக்கும் பழங்குடியினர் நிலத்தில் மரப்பயிருக்கும் அவர்களிடம் தனி நிதிகள் உண்டு. செய்த வேலைக்குத் தமிழ்நாடு அரசு பசுமை முதன்மையாளர் விருது என்று ஒரு லட்ச ரூபாய் கொடுக்கிறது, அது இரண்டாம் வருடத்துக்கு.

இனி ஏரி. என்ன வேலை என்று முடிவு செய்யும் முன் அந்த ஏரி யாருடையது என்று தெரிய வேண்டும். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் எடுத்தாலும் பிரச்சினை. வண்டல் மண்ணை விவசாயிகள் நிலத்துக்கு எடுக்க 2024 முதல் தாசில்தாரிடமே அனுமதி வாங்கலாம், கட்டணம் இல்லை. ஆகவே தூர்வாருவதற்குப் பணம் கேட்காதீர்கள், மண் எடுக்க விவசாயிகளே டிராக்டரோடு வருவார்கள். பணம் கேட்க வேண்டியது வேறு இடத்துக்கு.

2024 டிசம்பர் 1, 2 தேதிகளில் ஃபெஞ்சல் புயல் உங்கள் ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, அரூரில் 33. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு வருடத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல் ஒரே நாளில். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேன்களையும் கார்களையும் தண்ணீர் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அந்த மாதிரி மழைக்கு நம் ஏரிகளின் கோடி, அதாவது ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற இடம், கட்டப்படவில்லை. கோடி போகிற அகலம் பழைய மழைக்கு வைத்தது, அதற்குக் கீழே இருக்கும் ஓடையிலோ சீமைக் கருவேலமும் வீடும் ஏறியிருக்கிறது. தண்ணீர் வெளியே போக வழி இல்லாதபோது கரை எங்கே பலவீனமாக இருக்கிறதோ அங்கே பிய்த்துக்கொள்ளும். நான் போய்ப் பார்த்த ஓர் ஏரியில் கரை உடைந்த இடம் பழைய மதகுக்கு நேர் பக்கத்தில். மதகின் பலகை போய், யாரோ வைக்கோலும் சாக்கும் வைத்து அடைத்திருந்தார்கள், அந்தச் சாக்கின் மூலையில் எழுத்து கூட அழியவில்லை. வருடக்கணக்கில் அந்த இடத்தில் தண்ணீர் கசிந்து மண்ணை அரித்திருக்கிறது. சாக்குக்குப் பதில் ஒரு இரும்புப் பலகையும் திருகும் இருந்திருந்தால் கரை நின்றிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், சிறுமானியத்தின் பலமே இந்த மாதிரி வேலையில் இருக்கிறது: மதகுக்குப் பலகை, கோடிச் சுவரின் விரிசல், வரத்துக் கால்வாயில் அடைத்திருக்கும் நூறு அடி, கரையில் மரம் முளைத்துப் பிளந்த இடம். பெரிய திட்டத்தில் இவையெல்லாம் கண்ணுக்கே தெரியாது, எஸ்டிமேட்டுக்கு அடங்காத சின்ன வேலை என்று விட்டுவிடுவார்கள். ஊர்க்காரருக்குத்தான் எந்தப் பலகை போயிருக்கிறது என்று தெரியும். தண்ணீர் திறந்துவிடுகிற பெரியவர் இன்னும் உயிரோடு இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு கரைமேல் ஒரு நடை போங்கள், அவர் நின்று பேசுகிற ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுங்கள்.

வறட்சிக்கும் இதே மாதிரி சிந்திக்கலாம். நம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க ஃப்ளோரைடு பிரச்சினை கூடவே வருகிறது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. ஆகவே ஏரியில் தண்ணீர் நின்று மேல்கிணறு ஊறுவது குடிக்கிற தண்ணீருக்கும் சேர்த்துத்தான். தக்காளியும் மாவும் கைவிட்ட வருடத்தில் ராகியும் சாமையும் கொள்ளும் கஞ்சிக்காவது தேறும் என்பது நம் பாட்டிகளுக்குத் தெரியும். அந்த விதைகளை ஊரிலேயே சேர்த்து வைக்கிற விதை வங்கிக்கு ஆகிற செலவு கொஞ்சம், இரண்டு தகர டின், நொச்சி இலை, ஒரு நோட்டு. சித்தேரி, சித்தேரிக்கு அந்தப் பக்கம் சிட்லிங்கி எல்லாம் போய்ப் பாருங்கள். சிட்லிங்கியில் 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் தொடங்கியது மருத்துவப் பணி. பல வருடம் கழித்துத்தான் அதிலிருந்து இயற்கை விவசாயிகள் சங்கம் வளர்ந்தது, இன்று சிறுதானியத்துக்கு அதுவே பெயர் வாங்கித் தருகிறது. யாரும் ஒரு நிதியாண்டுக்குள் முடிக்கச் சொல்லி விரட்டவில்லை.

கடைசியாகக் கணக்கு, எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கமான விஷயம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு தொடங்கியதே 1989-ல் நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் அதற்குள்தான் இருந்தது. வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று கட்டி, கடன் கொடுத்து, வட்டி போட்டு, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடும் பழக்கம் இங்கே முப்பத்தைந்து வருடமாக இருக்கிறது. காரிமங்கலம் பக்கம் ஒரு குழுவின் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். கையெழுத்துத் தெரியாத உறுப்பினரின் ரேகைக்குப் பக்கத்தில், தொகையை எண்ணில் எழுதி, எழுத்தில் எழுதி, "எண்ணிப் பார்த்தேன்" என்று சாட்சி ஒருவர் எழுதியிருந்தார். எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாத கணக்கு அது. உங்கள் பதினைந்து பேரும் இளைஞர்கள் என்றீர்கள். பொருளாளராக ஊரின் மகளிர் குழுவில் கணக்கு எழுதிப் பழகிய அக்கா ஒருவரைக் கேளுங்கள், பெயருக்கு இல்லாமல் செக்கில் கையெழுத்துப் போடும் உரிமையோடு. சங்கமாகப் பதிவு செய்ய ஏழு பேர் போதும், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில். அப்புறம் பான் எண், வங்கிக் கணக்கு, தர்பன் பதிவு (தொண்டு நிறுவனங்களுக்கான மத்திய அரசு இணையதளப் பதிவு), 12ஏ, 80ஜி என்று ஒவ்வொன்றாக.

செலவில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஜே.சி.பி.காரரும் டிராக்டர்காரரும் பில் தரமாட்டார்கள், கையில்தான் கேட்பார்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் பத்தாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அது செலவாகவே ஏறாது. வங்கி வழியாகவே கொடுங்கள். சின்னத் தொகைக்கு வவுச்சர் எழுதி, ஐயாயிரத்துக்கு மேல் என்றால் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, வண்டி எண்ணும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் அதிலேயே இருக்கட்டும். எவ்வளவு கேட்பது என்றால், உங்களால் இந்த மாதிரி ஒழுங்காகக் கணக்கு எழுத முடிகிற அளவுக்கு. முதல் வேலை மூன்று லட்சத்தைத் தாண்ட வேண்டாம். அதிலேயே கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம், அடுத்த இரண்டு வருடத்துக்குக் கரையில் செடி வெட்டுகிற கூலி, மதகுக்கு எண்ணெய் போடுகிற செலவு எல்லாம் கூச்சப்படாமல் எழுதுங்கள். இலவசமாகச் செய்கிறோம் என்று எழுதினால் நல்ல பெயர் கிடைக்கும், வேலை மூன்றாவது மாதம் நின்றுபோகும்.

இது ஊர் வேலையா, காலநிலை வேலையா என்று நிதி தருபவர் கேட்பார். அதற்குத் தாலுகா அலுவலக மழைமானியின் பத்து வருடக் கணக்கை எழுதிக் கேட்டு வாங்குங்கள். பக்கத்திலேயே ஏரி எந்தெந்த வருடம் கோடி போனது, எந்தெந்த வருடம் வறண்டது என்று ஊரில் நாலு பேரிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் அதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கரை உடைந்த இடத்தின் நீளம், கோடியின் அகலம், மதகின் அளவு மூன்றையும் டேப் வைத்து அளந்து, ஏரியின் சர்வே எண்ணோடு எனக்கு அனுப்புங்கள். மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் பலகையையாவது மாற்றிவிடலாம்.